எண்ணெய் இருந்தும் அணைந்த விளக்கு

விளக்குக்கு எண்ணெய் ஊற்றவில்லை என்றுதான் அன்றைக்குச் சண்டை ஆரம்பித்தது.

மத்தேயோஸ் ஒயின் குகையிலிருந்து வெளியே வந்தான். உச்சி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முற்றத்தில் நின்றபடியே அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“ஏய் ஆர்கிரோ! சாமி விளக்கு அணைஞ்சு கிடக்கு. எண்ணெய் ஊத்தணும்னு தோணாதா உனக்கு? வாய்க்கு மட்டும் நாள் முழுக்க எண்ணெய் போட்டு வெச்சிருக்கே.”

“நேத்துக் காலையிலதானே ஊத்தினேன்.”

“ஊத்தினா எரியணும்ல?”

“கீழே இறங்கிப் பார்த்தியா, மேலே நின்னுக்கிட்டே பேசுறியா?”

“மேல்படியிலிருந்தே தெரியுது. இருட்டாக் கிடக்கு. அறுவடைக் காலத்துல, ஒயினைக் காக்கிற அவெர்கியோஸ் சாமியை இருட்டுல உட்கார வெச்சிட்டு, நல்ல ஒயின் குடுன்னு எந்த மூஞ்சியோட கேக்குறது?”

“எனக்கு இங்கே ரெண்டு கைதான் இருக்கு மனுஷா. ஒண்ணு மாவுல இருக்கு, ஒண்ணு வாணலியில இருக்கு. உன் கை சும்மாதானே தொங்குது, போய் ஏத்திட்டு வா.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே, ஒயின் பிடிக்க மண்குடத்தையும் எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனான். ஆர்கிரோ தக்காளி வடையைத் திருப்பிப் போட்டாள். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் இப்படி ஒரு சண்டை இல்லாமல் எந்தப் பகல் சாப்பாடும் அந்த வீட்டில் இறங்கியதில்லை.

அன்று அவனுக்குக் கொஞ்சம் படபடப்பு அதிகம். சாயங்காலக் கப்பலில் ஏதென்ஸிலிருந்து உணவு விடுதிக்காரி ஒருத்தி வருகிறாள், ஒயின் ருசி பார்க்க. போன வருஷமும் வந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, “உங்க திராட்சை நல்ல திராட்சை அண்ணே, ஆனா ஒயின் கிழவனாட்டம் கனத்துக் கிடக்கு. எனக்கு வேணுங்கறது பல்லுல நறுக்குனு படணும், மீனோட போகணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த ஒரு பேச்சு மத்தேயோஸின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அந்தத் தீவில் அசிர்த்திகோ திராட்சையைக் காற்றுக்குப் பயந்து கூடை மாதிரி தரையோடு பின்னி வளர்ப்பார்கள். வருஷம் முழுக்க அதற்குக் குனிந்து குனிந்து அவன் முதுகே கூடை மாதிரி வளைந்துவிட்டது. அப்படி வளர்த்த பழத்தைக் கிழவன் என்று ஒருத்தி சொன்னால் சும்மா இருப்பானா? நக்ஸோஸ் தீவில் இழுத்து மூடிய பால் பண்ணையொன்றிலிருந்து எஃகுத் தொட்டியொன்றை வாங்கி வந்து குகையின் கீழ் அறையில் வைத்தான். சுற்றிலும் குழாய் வைத்து அதில் குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டான். சூடு ஏறாமல் மெல்ல மெல்லப் புளித்தால்தான் ஒயின் தெளிவாக, உலர்வாக, எலுமிச்சை கடித்த மாதிரி வரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

முன்பெல்லாம் பீப்பாயில் ரசம் புளிக்கும்போது பயறு வேகிற பானை மாதிரி சத்தம் போடும். வாசலில் நின்றாலே கேட்கும். சத்தம் கேட்டால், புளிப்பிலிருந்து கிளம்புகிற விஷக்காற்று தரையோடு தேங்கியிருக்கும் என்று யாரும் மெழுகுவர்த்தி இல்லாமல் கீழ் அறைக்கு இறங்க மாட்டார்கள். நாணல் குச்சி நுனியில் மெழுகுவர்த்தியைச் சொருகி, காலுக்கு முன்னால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். சுடர் தடுமாறினால் அப்படியே திரும்பிவிடுவார்கள். சத்தம் அடங்கிவிட்டால் மெழுகுவர்த்தி மூலைக்குப் போய்விடும். இந்தத் தொட்டியோ ஆரம்பத்திலிருந்தே சத்தம் போடவில்லை. அதனால் மெழுகுவர்த்தியும் மூலையிலேயே கிடந்தது. மத்தேயோஸ் தினமும் அதன்மேல் காதை வைத்துப் பார்ப்பான். “குழந்தை மாதிரி தூங்குது ஆர்கிரோ,” என்பான். அவளும் ஒருநாள் காதை வைத்துப் பார்த்தாள். தூங்குவது போலத்தான் இருந்தது.

நேற்று மத்தியானம் தெற்கிலிருந்து அனல்காற்று கிளம்பியது. குகைக்குள் சூடு புகுந்துவிடப் போகிறது என்று மத்தேயோஸ் கதவுக்கு மேலிருந்த காற்று ஜன்னலைக் கம்பளி வைத்து அடைத்தான். ஏணிமேல் அவன் நிற்க, கீழிருந்து கம்பளியை எடுத்துக் கொடுத்தவள் ஆர்கிரோதான். கதவிடுக்கில் சாக்கைத் திணித்ததும் அவள்தான்.

வாணலியில் எண்ணெய் குறைந்திருந்தது. தகரத்தைத் தூக்கிச் சாய்த்தாள். எண்ணெய் மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, நேற்றுக் காலையில் சாமி விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தில் இதே தகரத்திலிருந்து விளிம்பு வரைக்கும் ஊற்றியது ஞாபகம் வந்தது. வழிந்ததைக்கூட விரலால் துடைத்துத் தலையில் தடவிக்கொண்டாள். அந்தக் கிண்ணம் ஒருமுறை நிரப்பினால் வாரம் வரைக்கும் தாங்கும்.

கிண்ணம் நிறைய எண்ணெய் இருக்கும்போது விளக்கு எதற்கு அணையும்?

கீழ் அறையில் காற்றே இல்லை. அவளும் சேர்ந்துதான் அடைத்திருந்தாள்.

தகரம் கையிலிருந்து நழுவியது. எண்ணெய் தரையில் ஓடியதை அவள் பார்க்கவில்லை.

“மத்தேயோ!”

பதில் இல்லை.

முற்றத்தில் மகன் யாக்கோவோஸ் அறுவடைக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். இருபத்துநாலு வயசு, கழுத்து காளைக் கழுத்து. அம்மா கத்துவதைக் கேட்டுச் சிரித்தான்.

“விடும்மா. கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்காரு. நான் போய்ச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வரேன்.”

“போகாதே! யாக்கோவே, நில்லு!”

அவன் அதற்குள் கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டான்.

ஆர்கிரோ ஓடினாள். வெளி வெயிலிலிருந்து குகைக்குள் நுழைந்ததும் கண் கட்டியது. பிறகு தெரிந்தது. அறையின் பின்பக்கம் கீழ் அறைக்கு இறங்கும் படிகள். படிமுடிவில், முழங்கால் உயரத்து மாடத்தில், சாமி இருட்டில் இருந்தார். மத்தேயோஸின் சட்டைப்பையில் செல்போன் வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவன் தொட்டிக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டிருந்த பழைய பீப்பாயின்மேல் குப்புறச் சரிந்து கிடந்தான், துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி. தொட்டியின் குழாய் திறந்தபடி இருந்தது. குடம் உருண்டு கிடக்க, ஒயின் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா!” யாக்கோவோஸ் படியிறங்கத் தொடங்கிவிட்டான்.

ஆர்கிரோ பின்னாலிருந்து அவன் பெல்ட்டைப் பிடித்தாள். அவன் உதறினான். அவள் சுவரில் மோதினாள். திரும்பவும் பிடித்தாள். அந்த இடத்திலேயே மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. சின்ன வயசில் மேட்டுத் தெருவில் பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டு ஒயின் குகையில் அண்ணன் விழுந்தான். தூக்கப் போன தம்பி விழுந்தான். என்ன ஆச்சு என்று எட்டிப் பார்க்கப் போன மாமன் விழுந்தான். ஒரே வீட்டு வாசலில் மூன்று பெட்டி.

“விடும்மா, அப்பா விழுந்து கிடக்காரு!”

“தெரியுது. நீ போகக் கூடாது.”

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போய்த் தூக்கிட்டு வந்துடுவேன்!”

“அந்த உடம்பைத் தூக்குறப்ப மூச்சு வாங்காம இருப்பியா? குனிஞ்சேன்னா போச்சு. நீயும் போச்சு!”

“விடுன்னா விடு!”

அவன் அடுத்த படியில் கால் வைத்தான். அவளால் இழுக்க முடியவில்லை. பீப்பாய் அடைப்பைத் தட்டி இறுக்குகிற மரச்சுத்தி படியோரச் சுவரில் தொங்கியது. ஆர்கிரோ அதை எடுத்தாள். தான் பெற்ற பிள்ளையின் முழங்காலில், பின்பக்கமாக, முழு பலத்தோடு அடித்தாள்.

அவன் அலறிக்கொண்டு மடங்கினான். அவள் சட்டைக் காலரைப் பிடித்து மேல்தளத்துக்கு இழுத்துப்போட்டு, அவன் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கே புரியவில்லை. சுத்தி இன்னும் கையில் இருந்தது. “எவ்தோக்கியா! எவ்தோக்கியா!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

எவ்தோக்கியா பக்கத்து வீட்டுக்காரி. யாக்கோவோஸுக்கு ஞானஸ்நானத்தில் தலைதொட்ட ஞானத்தாய். அந்த உறவில் ஆர்கிரோவை அவள் ‘கும்பாரா’ என்றுதான் கூப்பிடுவாள். கையில் வெங்காயத்தோடு ஓடி வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஐயோ கும்பாரா! பிள்ளையை ஏன்டி கொல்றே?”

“ஞானம்மா, அப்பா கீழே கிடக்காரு! இவ என்னைப் போக விடமாட்டேங்கறா! இவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு!”

“கீழே காத்து இல்லை எவ்தோக்கியா. சாமி விளக்கு அணைஞ்சிருச்சு. கதவு மேலே அடைச்சிருக்கிற கம்பளியைப் புடுங்கு. தீயணைப்புக்குப் போன் பண்ணு. உன் புருஷனைக் கந்தகம் ஊதுற மெஷினை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு.”

எவ்தோக்கியா சிலுவை போட்டுக்கொண்டாள். நல்லவேளை, அவள் அந்த ஊர்க்காரி. விளக்கு அணைந்தது என்றால் என்ன என்று இரண்டாம் முறை கேட்கவில்லை. விளக்குமாற்றுக் கட்டையால் கம்பளியைக் குத்தித் தள்ளிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் ஓடினாள்.

அப்புறம் அந்தக் குகையில் அவர்கள் மூன்று பேர்தான். ஒருத்தன் கீழே. ஒருத்தன் தரையில். ஒருத்தி அவன்மேல்.

யாக்கோவோஸ் திமிறினான். அவள் கைக்குக் கிடைத்த தூணைக் கட்டிக்கொண்டு அழுத்தினாள். அவன் அவள் முன்கையைக் கடித்தான். சதையில் பல் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

“கொலைகாரி,” என்றான் அவன். அழுகையும் மூச்சிரைப்பும் கலந்து வந்தது. “கண்ணு முன்னாடி சாகட்டும்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே. இப்பக்கூட அவர்கூடச் சண்டை போட்டே. அதான் சந்தோஷமா இருக்கு உனக்கு.”

“பேசு. பேசிக்கிட்டே இரு. எழுந்திருக்காதே.”

கீழே ஒயின் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழுமாதம் குனிந்து, அறுத்து, மிதித்து, கடன் வாங்கி, குளிர வைத்து உண்டாக்கியது. அவளுக்கு அது போவது பற்றி ஒன்றுமில்லை. அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் கீழே இன்னும் ஏதோ நடந்துகொண்டிருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. சத்தம் மெலிந்தது. சொட்டுச் சொட்டாயிற்று. நின்றுவிட்டது. அப்போது வந்த அமைதியில் ஆர்கிரோவுக்கு உள்ளே ஒன்று மரத்துப்போனது. மனசுக்குள் அவள் புருஷனைப் புதைத்துவிட்டாள். கறுப்புத் துணி, பெட்டி, செத்தவருக்குப் படைக்கிற கோதுமைப் பிரசாதம் எல்லாம் வரிசையாக வந்துபோயின. இவனையாவது வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எவ்தோக்கியாவின் புருஷன் லினார்தோஸ், திராட்சைக் கொடிக்குக் கந்தகத் தூள் ஊதும் மெஷினை முதுகில் மாட்டியபடி மூச்சு வாங்க ஓடி வந்தான், பின்னாலேயே எவ்தோக்கியாவும். வாசலுக்கு வெளியேயே நின்று கயிற்றை இழுத்தான். இரும்பு இருமியது. இரண்டாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த மஞ்சள் தூள் புகையாகக் கிளம்பி அவன் மூஞ்சியையே அடித்தது.

“குழாயை நீட்டு! படிக்குக் கீழே விடு!” என்றாள் ஆர்கிரோ.

“என்ன ஆச்சு, உன் பையன் எங்கே?”

“என் அடியில இருக்கான். நீ ஊது!”

குழாய் எட்டாமல் அதன் நுனியில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகிக் கட்டினார்கள். காற்று கீழே போய்ச் சுழன்று, சிந்திய ஒயினின் புளிப்பு வாடையைத் தூக்கி மேலே வீசியது. ஆர்கிரோ மூலையிலிருந்த நாணலை எடுத்துத் தரச் சொன்னாள். எவ்தோக்கியா மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அதன் நுனியில் வைத்துக் கட்டினாள். மகனின்மேல் உட்கார்ந்தபடியே, அவனுடைய தலைக்கு மேலாக ஆர்கிரோ நாணலைக் கீழே நீட்டினாள்.

சுடர் அணைந்தது.

“கொளுத்து.”

அணைந்தது.

“கொளுத்துடி, என்ன பார்க்கிறே!”

“கும்பாரா, தீக்குச்சி உடைஞ்சுக்கிட்டே இருக்கு.”

“பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கொளுத்து!”

மறுபடி நீட்டினாள். சுடர் சாய்ந்தது, சுருங்கியது, நீலமானது. போய்விடும் போலிருந்தது. மெஷின் அலறிக்கொண்டே இருந்தது. பிறகு சுடர் நிமிர்ந்தது. அவள் நாணலை இன்னும் தாழ்த்தி, பீப்பாய்க்குப் பக்கத்தில், மத்தேயோஸின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். எரிந்தது.

ஆர்கிரோ மகனின் முதுகிலிருந்து எழுந்தாள்.

“இடுப்புல கயிறு கட்டிக்கோ. இப்பப் போ.”

அவன் நொண்டிக்கொண்டு இறங்கினான். லினார்தோஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். தகப்பனைத் தோளில் வாங்கிக்கொண்டு, வழுக்குகிற ஒயினில் முழங்கால் குத்தி, சுவரைப் பிடித்துப் பிடித்து மகன் ஏறி வந்தான். முற்றத்தில் கிடத்தினார்கள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது, அதன்மேல் கந்தக மஞ்சள். ஆர்கிரோ சட்டையைக் கிழித்து, அவன் வாயில் வாய் வைத்து ஊதினாள். தீயணைப்பு வண்டி முடுக்குத் தெருவில் திரும்ப முடியாமல், ஆட்கள் இறங்கி ஓடி வந்து சேர்ந்தபோது, மத்தேயோஸ் ஒருமுறை இழுத்து மூச்சு விட்டு, பக்கவாட்டில் திரும்பி வாந்தி எடுத்தான். பிராணவாயுக் கவசத்தை மாட்டிய ஆள், “பீப்பாய் தாங்கிப் பிடிச்சிருக்கு. தரையில விழுந்திருந்தா நாங்க வந்தும் பிரயோஜனம் இல்லை,” என்றான்.

யாக்கோவோஸ் அம்மாவைப் பார்க்கவே இல்லை. வண்டியில் தகப்பனோடு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் காலையில் ஆர்கிரோ ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகன் வெளியே படியில் உட்கார்ந்திருந்தான், முழங்காலில் கட்டு. அவள் கொண்டுவந்த ரொட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

மத்தேயோஸ் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலைவலியால் கண் சிவந்திருந்தது.

“வந்தியா. ஒயின் எல்லாம் போச்சாமே?”

“ஒரு சொட்டு இல்லை. ஏதென்ஸ்காரி வந்து பார்த்துட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டா.”

“யாரும் ருசிகூடப் பார்க்கலையா?”

“உன் சட்டையில ஊறியிருந்துச்சு. அதைக் கிழிக்கிறப்ப என் உதட்டுல பட்டுச்சு.”

அவன் நிமிர்ந்தான். “எப்படி இருந்துச்சு?”

“நறுக்குனு இருந்துச்சு. உப்பும் எலுமிச்சையுமா. கந்தகம்தான் கொஞ்சம் தூக்கல்.”

அவன் சிரிக்கப்போய் இருமினான். அவள் தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, உடுப்பின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“பையன் உன்கிட்டே சொல்லியிருப்பான்.”

“சொன்னான்.”

“நான்தான் விடலை. நீ கிடந்தே, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ போயிட்டேன்னே முடிவு பண்ணிட்டேன் மத்தேயோ. இவன் மட்டும் போதும்னு நினைச்சேன். உன்கிட்டே பொய் சொல்ல முடியலை.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அவன் டம்ளரை எடுத்து இன்னொரு வாய் குடித்தான்.

“இதுக்கா இப்படி உட்கார்ந்திருக்கே? சரியாத்தான் செஞ்சிருக்கே. நீ கீழே கிடந்திருந்தா நானும் அவனை விட்டிருக்க மாட்டேன்.”

“என்னை அப்படியே விட்டிருப்பியா?”

“விட்டிருப்பேன்.”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தாள். இதுதான் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் வந்தாள். கிடைத்ததும், அவன் முகத்தைத் தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லியிருக்கலாம்,” என்றாள்.

“யோசிச்சுத்தான் சொல்றேன். அவன் சொன்னதிலிருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.” அவன் குரல் உடைந்தது. “எனக்கே பயமா இருக்கு ஆர்கிரோ.”

அவள் கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகனின் பல் பதிந்த அவள் முன்கை மடியில் கிடந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.